நீலக் கண் நாய்கள்: அழகு எது? ஆபத்து எது?

ஒரு கண் பழுப்பு. இன்னொரு கண் நீலம்!

உடம்பு முழுவதும் சாம்பல் நிறம். அதன் மேல் மையைத் தெளித்தது போல் கறுப்புத் திட்டுகள். நெஞ்சில் வெள்ளை. கால்களில் செம்பழுப்பு. ஒரே நாயின் உடம்பில் இத்தனை நிறங்கள்!

இப்படி ஒரு நாயைத் தெருவில் அழைத்துச் சென்றால் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். குழந்தைகள் ஓடி வருவார்கள். "ஐயோ பாவம், ஒரு கண் குருடு போலிருக்கிறது" என்பார் ஒருவர். "அதுதான் அழகு. அதற்காகத்தான் இவ்வளவு விலை" என்பார் இன்னொருவர்.

இருவர் சொல்வதும் சரி அல்ல.

நீலக் கண் குருட்டுக் கண் அல்ல. அந்தக் கண்ணாலும் நாய் நன்றாகப் பார்க்கும். ஆனால், அந்த நீலத்தின் மேல் மனிதர்கள் வைக்கும் ஆசை, பார்வையே இல்லாத குட்டிகள் பிறப்பதற்குக் காரணமாகி விடுகிறது.

அழகு எங்கே முடிகிறது? ஆபத்து எங்கே தொடங்குகிறது? நாய் வளர்க்கிறவர்களும், வளர்க்க விரும்புகிறவர்களும் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

"மெர்ல்" என்றால் என்ன?

இந்தத் திட்டுத் திட்டான நிறத்துக்கு "மெர்ல்" என்று பெயர். மெர்ல் என்பது ஒரு நாய் இனம் அல்ல. அது ஒரு நிற அமைப்பு. பல இனங்களில் அது வருகிறது.

ஸ்காட்லாந்தில் ஆடு மேய்க்க உதவிய கோலி நாய், ஷெட்லண்ட் தீவுகளின் சிறிய மேய்ச்சல் நாய், வேல்ஸ் நாட்டின் குட்டைக் கால் கார்டிகன் கார்கி ஆகியவற்றில் மெர்ல் உண்டு. ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு என்ற நாயிலும் உண்டு. இந்த நாயின் பெயரில்தான் ஆஸ்திரேலியா இருக்கிறது. இனமாக வளர்த்து உருவாக்கியது அமெரிக்காவின் மேற்குப் பகுதி ஆட்டுப் பண்ணைக்காரர்கள்!

நீண்ட உடம்பும் குட்டைக் கால்களும் கொண்ட டாஷ்ஹண்டு நாய்க்கும் இந்த நிறம் வரும். அதற்கு "டாப்பிள்" என்று பெயர் சொல்வார்கள். பெயர் வேறு, சங்கதி ஒன்றுதான்.

கன்றுக்குட்டி உயரம் இருக்கும் கிரேட் டேன் நாயில், வெள்ளை உடம்பில் கிழித்து ஒட்டியது போல் கறுப்புத் திட்டுகள் வருவது உண்டு. அதுவும் மெர்லுடன் இன்னொரு பரம்பரைக் கூறு சேர்ந்து உண்டாக்கும் நிறமே.

நீலம் எங்கிருந்து வந்தது?

நாயின் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். மனிதர்களின் தலைமுடிக்கும் தோலுக்கும் நிறம் கொடுப்பதும் இதுவே.

பழுப்புக் கண்ணின் கருவிழியில் மெலனின் நிறைய இருக்கிறது. நீலக் கண்ணில் நீலச் சாயம் இருக்கிறதா? இல்லை! ஒரு துளி நீலச் சாயம் கூட எந்த நாயின் கண்ணிலும் இல்லை.

பிறகு நீலம் எப்படித் தெரிகிறது?

வானத்தைப் பாருங்கள். வானத்தில் யாரும் சாயம் பூசவில்லை. சூரிய ஒளி காற்றில் பட்டுச் சிதறும்போது நீல ஒளி அதிகமாகச் சிதறுகிறது. அதனால் வானம் நீலமாகத் தெரிகிறது. நீலக் கண்ணிலும் ஏறக்குறைய அதுவே நடக்கிறது. கருவிழியின் முன் பகுதியில் மெலனின் இல்லாதபோது, உள்ளே புகும் ஒளி சிதறி, நீலமாகத் திரும்பி வருகிறது.

ஆகவே, நீலக் கண் என்பது நிறம் கூடிய கண் அல்ல. நிறம் குறைந்த கண்.

மெர்ல் நாயின் உடம்பில் நிறம் திட்டுத் திட்டாகக் குறைவது போல் கண்ணிலும் குறையும். அதனால்தான் ஒரு கண் பழுப்பாகவும் மற்றது நீலமாகவும் இருக்கிறது. சில நாய்களில் ஒரே கருவிழியில் பாதி பழுப்பு, பாதி நீலமாக இருக்கும். பழுப்புக்கு நடுவே மாம்பழக் கீற்று போல ஒரு நீலத் துண்டு மட்டும் தெரிவதும் உண்டு.

இரவில் விளக்கு வெளிச்சம் பட்டால் இன்னொரு விந்தை தெரியும். பழுப்புக் கண் பெரும்பாலும் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னும். நீலக் கண் பெரும்பாலும் சிவப்பாக ஒளிரும். ஒரே நாயின் முகத்தில் ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு! பேய் அல்ல, பிசாசு அல்ல. பழுப்புக் கண்ணின் உள்ளே, ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. நீலக் கண்ணில் அந்தப் படலம் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்களின் சிவப்பு தெரிகிறது.

இவ்வளவுதான் வேறுபாடு. மற்றபடி, நல்ல நீலக் கண் நன்றாகவே பார்க்கும். கடும் வெயிலில் சில நாய்கள் சற்றுக் கண்ணைச் சுருக்கிக்கொள்ளலாம்.

எல்லா நீலமும் மெர்ல் அல்ல

நீலக் கண் உள்ள நாயை எல்லாம் மெர்ல் என்று நினைத்துவிடக் கூடாது.

பனி நாடுகளில் வண்டி இழுக்கும் சைபீரியன் ஹஸ்கி நாய்க்கும் நீலக் கண் உண்டு. அதற்கும் மெர்லுக்கும் சம்பந்தம் இல்லை. 6,000-க்கும் அதிகமான நாய்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2018-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஹஸ்கியின் நீலக் கண்ணுக்குக் காரணம் முற்றிலும் வேறொரு இடத்தில் உள்ள மரபணு மாற்றம் என்று அவர்கள் கண்டார்கள்.

எனவே, நீலக் கண்ணைப் பார்த்ததும் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். "இந்த நீலம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பதுதான் அறிவு.

ஜீனுக்குள் புகுந்த துண்டு

மெர்ல் நிறம் எதனால் வருகிறது என்ற கேள்விக்கு 2006-ல் விடை கிடைத்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ ஆன் கிளார்க் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் அதைக் கண்டுபிடித்தார்கள்.

பெற்றோரின் குணங்களைக் குட்டிக்குக் கொண்டுவரும் கூறுக்கு ஜீன் அல்லது மரபணு என்று பெயர். உடம்பில் நிறம் படிவதற்கு உதவும் ஜீன் ஒன்று இருக்கிறது. அந்த ஜீனுக்குள் ஒரு சிறு துண்டு புகுந்துகொண்டு, அதன் வேலையைக் கெடுக்கிறது. நன்றாக ஓடும் கடிகாரத்துக்குள் ஒரு மணல் துகள் விழுந்தது போல! வேலை அடியோடு நின்று விடுவது இல்லை. ஓர் இடத்தில் நடக்கிறது. ஓர் இடத்தில் நடப்பதில்லை. அதுதான் திட்டுத் திட்டான நிறம்.

ஒவ்வொரு நாய்க்கும் இந்த ஜீன் இரண்டு இருக்கும். ஒன்று தாய் கொடுத்தது. மற்றொன்று தந்தை கொடுத்தது.

இரண்டில் ஒன்று மட்டும் மெர்லாக இருந்தால் அது ஒற்றை மெர்ல். அழகான, பெரும்பாலும் ஆரோக்கியமான நாய்.

இரண்டுமே மெர்லாக இருந்தால் அது இரட்டை மெர்ல். துன்பம் இங்கேதான் தொடங்குகிறது!

இரட்டை மெர்லின் கண்

இரட்டை மெர்ல் குட்டி பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். பஞ்சுப் பொதி போல் பார்க்க அழகாக இருக்கும். ஆனால், கண்ணைத் திறந்து பார்த்தால் பலவற்றுக்குக் குறை தெரியும்.

சில குட்டிகளுக்குக் கண் மிகச் சிறியதாக இருக்கும். பட்டாணிக்கடலை அளவே உள்ள கண், இமைக்குள் புதைந்து கிடக்கும். கண் இல்லாத குட்டி என்றே தோன்றும்.

சில குட்டிகளுக்குக் கண்மணி நடுவில் இருக்காது. ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். வட்டமாகவும் இருக்காது. ஓரம் கிழிந்த துணி போலவோ, நட்சத்திரம் போலவோ இருக்கும்.

வெளிச்சம் அதிகமானால் கண்மணி சுருங்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் விரிய வேண்டும். ஜன்னலைத் திறந்து மூடுவது போன்ற வேலை அது. ஓரம் கிழிந்த கண்மணியால் இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. நடுப்பகல் வெயிலில் அந்த நாய் கண் கூசித் தவிக்கும்.

இவை வெளியே தெரியும் குறைகள். உள்ளே இருக்கும் குறைகளைக் கருவி வைத்துத்தான் பார்க்க முடியும். காட்சி பதியும் விழித்திரை சரியாக உருவாகாமல் இருக்கலாம். பிற்காலத்தில் அது கழன்றும் போகலாம். விழி லென்சில் பிறவியிலேயே புரை இருக்கலாம். கண்ணின் பின்சுவர் மெலிந்து குழி விழுந்திருக்கலாம்.

ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு நாய்களிடம் காணப்பட்ட இந்தக் கண் குறைகளை, கெலட், மெக்கில் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 1973-லேயே விவரமாக எழுதி வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்பே விஷயம் தெரிந்து விட்டது. ஆனாலும் அப்படிப்பட்ட குட்டிகள் பிறப்பது இன்னும் நிற்கவில்லை.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன உறவு?

துன்பம் கண்ணோடு நிற்பதில்லை. இரட்டை மெர்ல் நாய்களில் பலவற்றுக்குக் காதும் கேட்பதில்லை.

முடியின் நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. மெலனினை உண்டாக்கும் நிற அணுக்கள் தோலில் மட்டும் இருப்பவை அல்ல. காதின் உள்ளே, நத்தைக் கூடு போன்ற பகுதியிலும் அவை இருக்கின்றன. ஒலியை உணரும் நுட்பமான அணுக்கள் உயிரோடு இருக்க அவை துணை செய்கின்றன. நிற அணுக்கள் அங்கே போய்ச் சேரவில்லை என்றால், ஒலியை உணரும் அணுக்கள், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே மடிந்து விடும். அதன் பிறகு எந்த மருந்தாலும் செவிப்புலனைத் திருப்பித் தர முடியாது.

அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரெயின் என்ற பேராசிரியரும் குழுவினரும் 153 மெர்ல் நாய்களின் காதுகளைக் கருவி வைத்துச் சோதித்தார்கள். 2009-ல் அந்த முடிவு வெளியாயிற்று.

ஒற்றை மெர்ல் நாய்களில் ஒரு காதோ இரு காதுகளோ செவிடாக இருந்தவை 100-க்கு 4 கூட இல்லை.

இரட்டை மெர்ல் நாய்களில் 100-க்கு 25! அவற்றில் 15-க்கு இரு காதுகளுமே கேட்கவில்லை.

வெள்ளை நிறத்துக்கும் நீலக் கண்ணுக்கும் செவிட்டுத் தன்மைக்கும் உள்ள உறவு நாய்க்கு மட்டும் உரியது அல்ல. நீலக் கண் உள்ள பூனைகள் செவிடாக இருக்கின்றன என்று, சார்லஸ் டார்வின் 1859-ல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலிலேயே குறிப்பிட்டிருக்கிறார்.

மனிதர்களிடமும் இது உண்டு. சிலர் பிறவியிலேயே பளிச்சென்ற நீலக் கண்ணோடு இருப்பார்கள். சிலருக்கு இரு கண்களும் இரு நிறமாக இருக்கும். நெற்றிக்கு மேல் ஒரு கற்றை முடி வெள்ளையாக இருக்கும். அவர்களில் பலருக்குக் காது கேட்காது. வார்டன்பர்க் என்ற டச்சுக் கண் டாக்டர் 1951-ல் இதை விவரித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. மெர்ல் ஜீனால் வருவது அல்ல அது. ஆனால் அங்கேயும் பாடம் ஒன்றுதான்: நிற அணுக்கள் அழகுக்காக மட்டும் படைக்கப்பட்டவை அல்ல!

எட்டுக் குட்டிக் கணக்கு

இரட்டை மெர்ல் எப்படிப் பிறக்கிறது? இரண்டு மெர்ல் நாய்களை இணை சேர்ப்பதால் பிறக்கிறது. வேறு வழியில் அது பிறப்பது மிக மிக அரிது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் கூட இதைப் போடலாம்.

ஒரு மெர்ல் நாயையும், மெர்ல் இல்லாத ஒரு நாயையும் இணை சேர்த்தால் எட்டுக் குட்டிகள் பிறப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரியாக 4 குட்டிகள் ஒற்றை மெர்ல். 4 குட்டிகள் சாதாரண நிறம். இரட்டை மெர்ல் ஒன்று கூட இல்லை.

இரண்டு மெர்ல் நாய்களை இணை சேர்த்தால் எட்டுக் குட்டிகளில் சராசரியாக 4 ஒற்றை மெர்ல். 2 சாதாரண நிறம். மீதி 2 இரட்டை மெர்ல்.

கணக்கைக் கவனியுங்கள். முதல் முறையிலும் அழகான ஒற்றை மெர்ல் நான்கு. இரண்டாவது முறையிலும் அதே நான்கு! ஒரு குட்டி கூட அதிகம் கிடைக்கவில்லை. கிடைத்த வேறுபாடு என்ன? நலமாகப் பிறந்திருக்க வேண்டிய இரண்டு குட்டிகள், கண்ணும் காதும் பழுதாகும் ஆபத்தோடு பிறந்தன. அவ்வளவுதான்.

லாபமும் இல்லை, தருமமும் இல்லை. பிறகு ஏன் செய்கிறார்கள்?

சிலர் தெரியாமல் செய்கிறார்கள். "அழகான நாய் இரண்டு சேர்ந்தால் இன்னும் அழகான குட்டி பிறக்கும்" என்று நினைக்கிறார்கள். பாலில் சர்க்கரை கூடினால் இனிப்புக் கூடும் என்ற எண்ணம். பரம்பரைக் கணக்கு அப்படி நடப்பதில்லை.

சிலர் தெரிந்தே செய்கிறார்கள். ஓர் இரட்டை மெர்ல் நாயைச் சாதாரண நாயுடன் சேர்த்தால், பிறக்கும் குட்டிகள் எல்லாமே ஒற்றை மெர்லாக இருக்கும். எட்டுக் குட்டிக்கும் நல்ல விலை! இதற்காகவே ஒரு குருட்டு நாயைப் பிறக்க வைத்து, கூண்டில் வைத்துக்கொள்ளும் மனமும் உலகத்தில் இருக்கிறது. அழகுக்காக ஒரு வாயில்லா ஜீவனின் கண்ணை விலையாகக் கொடுக்கிறார்கள். கொடுக்கிற கண் தங்களுடையதாக இருந்தால் கொடுப்பார்களா?

மறைந்திருக்கும் மெர்ல்

இன்னொரு சிக்கலும் உண்டு. மெர்ல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாது.

மெர்ல், கறுப்பு நிறத்தையும் அதைச் சேர்ந்த கரும்பழுப்பு நிறத்தையுமே திட்டுத் திட்டாக்கும். மஞ்சளும் செம்மஞ்சளும் ஆன முடியில் அது வேலை செய்யாது. எனவே, உடம்பு முழுவதும் மஞ்சளாக இருக்கும் நாய், மெர்லை மறைத்து வைத்திருக்கலாம். சில நாய்களுக்கு வாலிலோ காதிலோ ஒரு சிறு திட்டு மட்டும் இருக்கும். முடி அடர்ந்திருந்தால் அதுவும் தெரியாது.

இப்படிப்பட்ட நாயை "சாதாரண நாய்" என்று நம்பி மெர்லோடு சேர்த்தால், இரட்டை மெர்ல் பிறந்து விடலாம்.

இதற்கு வழி இருக்கிறது. நாயின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், மெர்ல் ஜீன் இருக்கிறதா, ஒன்றா, இரண்டா என்று சொல்லி விடுவார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. குட்டி போட வைக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் இருப்பதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

பிரிட்டனில் நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப், இரண்டு மெர்ல் நாய்களுக்குப் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதில்லை. ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பிறக்கும் குட்டிக்குத் துன்பம் தரும் இனப்பெருக்கத்தைத் தடை செய்ய ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. நல்ல ஏற்பாடுகள். ஆனால், பதிவுச் சீட்டு இல்லாமல் நடக்கும் வியாபாரத்தைப் பதிவுக் கட்டுப்பாடு தடுக்காது. அதைத் தடுக்கக் கூடியவர் ஒருவர்தான். அவர் குட்டி வாங்குகிறவர்!

வாங்கும் முன் கேளுங்கள்

மெர்ல் குட்டியை வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலை அல்ல. "தாய் எங்கே? தந்தை எங்கே?" என்பதுதான்.

இரண்டும் மெர்ல் என்றால் அந்தக் குட்டியை வாங்காதீர்கள். "நீலக் கண், அபூர்வம், வெள்ளை மெர்ல்" என்றெல்லாம் ஆசை காட்டினால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். பெற்றோரின் மரபணுச் சோதனைச் சீட்டைக் கேளுங்கள். நேர்மையானவர் எடுத்துக் காட்டுவார்.

நாய்க்குட்டி பிறந்து இரண்டு வாரம் வரை கண் திறக்காது. திறந்ததும் எல்லாக் குட்டிகளின் கண்ணும் நீலம் கலந்தது போலவே இருக்கும். சில வாரங்கள் சென்ற பிறகுதான் உண்மை நிறம் தெரியும். ஆகவே, "மூன்று வாரக் குட்டி, நீலக் கண்" என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

ஆறு, ஏழு வாரம் ஆன குட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

இரு கண்களும் ஒரே அளவா?

கண்மணி நடுவில் இருக்கிறதா? வட்டமாக இருக்கிறதா?

வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குகிறதா?

முகத்துக்கு முன்னால் ஒரு பஞ்சு உருண்டையைச் சத்தம் இல்லாமல் கீழே விட்டால், கண் அதைத் தொடர்ந்து போகிறதா?

இவை வீட்டுச் சோதனைகள். இதற்கு மேல் கால்நடை டாக்டரிடம் காட்டி, கண்ணின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்வது நல்லது. காதைச் சோதிக்க, கை தட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. காது கேட்காத குட்டி, மற்றக் குட்டிகள் திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பும். தரை அதிர்வதை உணர்ந்தும் திரும்பும். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் வீட்டில் கண்டுபிடிக்கவே முடியாது. மூளைக்கு ஒலி போய்ச் சேருகிறதா என்று கருவியால் பார்ப்பதே சரியான சோதனை.

திடீரென்று நீலமானால்?

பிறவி நீலம் வேறு. இடையில் வந்த நீலம் வேறு. இந்த வேறுபாட்டை நாய் வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழுப்பாக இருந்த கண் ஒரு நாள் நீலம் பூத்தது போல் மங்கினால், அது அழகு அல்ல, நோய்! கண்ணின் முன்னால் கண்ணாடி போல் இருக்கும் படலத்தில் புண் இருக்கலாம். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறியிருக்கலாம். அழுத்தம் ஏறும் நோயில், ஓரிரு நாள் தாமதம் கூடப் பார்வையைப் பறித்து விடும். நாய்களுக்கு வரும் ஒரு வகைக் கல்லீரல் தொற்று நோயிலும் கண் இப்படி நீலமாகும். அந்த நோய்க்குத் தடுப்பு ஊசி இருக்கிறது.

கண் சிவந்தாலும், பீளை தள்ளினாலும், நாய் கண்ணைத் திறக்காமல் காலால் தேய்த்துக்கொண்டே இருந்தாலும், சுவரிலும் மேஜையிலும் முட்டிக்கொண்டாலும் உடனே டாக்டரிடம் கொண்டு போக வேண்டும்.

இலைச் சாறு பிழிவது, தாய்ப்பால் விடுவது, வீட்டில் யாருக்கோ வாங்கிய சொட்டு மருந்தை ஊற்றுவது ஆகியவை வேண்டாம். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். கண்ணில் புண் இருக்கும்போது அதை ஊற்றினால் புண் ஆழமாகும். கண்ணே போய்விடும்.

பிறந்து விட்ட குட்டி என்ன பாவம் செய்தது?

இரட்டை மெர்ல் பிறக்கக் கூடாது என்பது சரி. பிறந்து விட்டால்? அதைத் தெருவில் விடுவதா?

கூடாது! குற்றம் குட்டியுடையது அல்ல. கண் இல்லாத நாயும் காது இல்லாத நாயும் அன்பான வீட்டில் நன்றாக வாழ முடியும். நாய்க்கு உலகம் மூக்கின் வழியாகத்தான் முதலில் தெரிகிறது. மனிதன் பார்வை இழப்பதும் நாய் பார்வை இழப்பதும் ஒன்று அல்ல.

கண் தெரியாத நாய் இருக்கும் வீட்டில் மேஜை, நாற்காலிகளை இடம் மாற்றக் கூடாது. சோற்றுத் தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் எப்போதும் அதே இடத்தில் இருக்க வேண்டும். தொடுவதற்கு முன் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

காது கேட்காத நாய்க்குக் கைச் சைகைகளைக் கற்றுக் கொடுக்கலாம். "வா" என்றால் ஒரு சைகை. "உட்கார்" என்றால் இன்னொரு சைகை. விரைவில் பழகிக்கொள்ளும். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பயந்து கடித்து விடலாம். மூக்கருகே கையை நீட்டினால் போதும். வாசனை அறிந்து தானே விழிக்கும். வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லித் தர வேண்டும்.

இரண்டும் இல்லாத நாய் கூட, தோளில் தொட்டால் "உட்கார்", முதுகில் தொட்டால் "படு" என்று தொடுகையாலேயே கற்றுக்கொள்ளும். ஆனால் எந்த நாயாக இருந்தாலும், கயிறு இல்லாமல் தெருவில் விடக் கூடாது. வருகிற வண்டி அதற்குத் தெரியாது. அடிக்கும் ஹார்ன் அதற்குக் கேட்காது.

முக்கியமாக, அந்த நாயைக் குட்டி போட விடக் கூடாது. கருத்தடை அறுவை செய்து விட வேண்டும்.

ஆசைக்கு ஓர் அளவு

இரு நிறக் கண்ணை ரசிப்பதில் தவறு இல்லை. திட்டுத் திட்டான உடம்பை ரசிப்பதில் தவறு இல்லை. இயற்கை அதை ஒரு மடங்கு கொடுத்தது. மனிதன் இரண்டு மடங்கு வேண்டும் என்றான். அங்கேதான் தவறு வந்தது.

நாய்க்குத் தன் கண் என்ன நிறம் என்று தெரியாது. தெரிந்துகொள்ள அதற்கு ஆசையும் இல்லை. வாசலில் யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் கூப்பிடும் குரல் கேட்க வேண்டும். அதற்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த இரண்டையும் பறித்துவிட்டு, அதன் முகத்தை அழகாக்குவது யாருக்காக?

நாய் வளர்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு விதி போதும். மெர்லோடு மெர்லைச் சேர்க்காதீர்கள். நாய் வாங்குகிறவர்களுக்கும் ஒரே ஒரு விதி போதும். கண்ணின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கண் பார்க்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்!